வியாழக்கிழமை வரிசை

அந்த ஊரில் யாருக்கு என்ன நோய் என்பதை மாவு மில்காரர்தான் முடிவு செய்வார். சிரிக்காதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மருத்துவ வண்டி வருவதற்கு முந்தின நாள் மில்லுக்கு வருகிறவர்கள் டின்னைத் தராசில் வைத்த கையோடு, "எனக்கு நாளைக்கு என்ன கம்பவுண்டரே?" என்று கேட்பார்கள். அவரும் பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே தொண்டையைத் திறந்து, "உனக்கு முழங்கால்! போன தடவை வலது காலைத் தேய்ச்சிக் காமிச்ச, மறந்துபோய் இடது காலைத் தேய்க்காதே!" என்பார். ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத மனிதருக்குக் கம்பவுண்டர் என்ற பட்டப்பெயர் இப்படித்தான் வந்தது.

காரணம் இல்லாமல் இந்தக் கூத்து ஆரம்பிக்கவில்லை. சாலை அந்த ஊரோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் பாறையும் முள்ளும்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் விடிவதற்கு முன்னால் புறப்படுகிற ஒரே பஸ்ஸைப் பிடித்து, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி குலுங்கி, இரண்டு இடத்தில் மாறிப் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், பின்னால் மருந்துப் பெட்டிகள். மில்லுக்கு முன்னால் சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் இருந்ததால் வண்டி அங்கேதான் நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, ஊருக்கே அது ஒரு தெம்பு.

ஒரு மழைக்காலத்தில் வண்டிக்கு ஆளே வரவில்லை. வயலில் வேலை தலைக்குமேல் கிடந்தது. உடம்பு முடியாதவர்கள்கூட நடவு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டே மில்காரரிடம் சொன்னார்: "இப்படியே போனா வண்டியை வேற ஊருக்குத் தூக்கிடுவாங்கண்ணே. தடவைக்கு முப்பது பேராவது பார்த்ததா கணக்கு போகணும். ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கு உங்க ஊரும் தெரியாது, மழையும் தெரியாது."

முப்பது நோயாளிக்கு எங்கே போவது? நோய் என்ன கடையிலா விற்கிறது? மில்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து மாவு அரைக்க வந்த ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. "வியாழக்கிழமை அரை மணி நேரம் வந்து வரிசையில நில்லு. வயிறு எரியுதுன்னு சொல்லு. நாலு மாத்திரை குடுப்பாங்க, வாங்கிக்கிட்டுப் போயிடு. இன்னைக்கு நீ நிக்கலைன்னா நாளைக்கு உன் பிள்ளைக்கு மூச்சு திணறினா பார்க்க நாதி இருக்காது, சொல்லிட்டேன்." இதைக் கேட்டபிறகு யார்தான் மாட்டேன் என்பார்கள்? வரிசை நீண்டது.

டாக்டரம்மாவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமா? ஒரு வியாழக்கிழமை பால்காரர் வலது காலை நொண்டிக்கொண்டு வந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, இடது காலை நொண்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மில்காரரை வண்டிக்குள் கூப்பிட்டார். குட்டு உடைந்தது, இன்றோடு வண்டிக்கு முழுக்கு என்று நினைத்துக்கொண்டு அவர் போய் நின்றார்.

"காய்ச்சல்னு யாரும் சொல்ல வேண்டாம், ரத்தம் எடுக்கணும்," என்றார் டாக்டரம்மா. "நெஞ்சு வலி வேண்டவே வேண்டாம், எனக்கே நெஞ்சு வலி வந்துடும். வயித்தெரிச்சல், முழங்கால், தூக்கம் வரலை, இது போதும். ஆனா ஒண்ணு. நிஜமாவே முடியாதவங்களை முன்னால நிக்க வைங்க. எனக்கு நேரம் ரொம்பக் கம்மி. அவங்களை நல்லாப் பார்த்துட்டு, பின்னால நிக்கிறவங்களுக்கு மாத்திரையைக் குடுத்து அனுப்பிடறேன்."

"தாயே, நீங்க நல்லா இருக்கணும்," என்று மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

முன்னால் நிற்பது நிஜம், பின்னால் நிற்பது சும்மா. இந்த ஏற்பாட்டில் மூன்று வருஷம் ஓடியது. முன்னால் நின்ற ஒரு கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, தாயையும் பிள்ளையையும் இரண்டு உயிராகக் காப்பாற்றிக் கொடுத்தார் டாக்டரம்மா. நெஞ்சில் சளி கட்டிக் கண் செருகிப்போன ஒரு குழந்தை எழுந்து ஓடியது. ஆகையால் மில்காரர் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிட முடியாது. அவரும் மீசையைத் தடவிக்கொண்டுதான் திரிந்தார்.

பின்வரிசையில் ஒரு தடவைகூடத் தப்பாமல் நின்றவள் மில்காரரின் தங்கை. நாற்பதை நெருங்கிவிட்டாள், இருந்தாலும் அவருக்கு அவள் பாப்பாதான். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணியோடு அடுப்படி வேலை, மில்லில் மாவு சலிப்பு, கிழிந்த சாக்கைத் தைப்பது என்று ஒரு நிமிஷம் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். "நான் இங்க உக்காந்து தின்ன வரலை அண்ணி," என்று யாரும் கேட்காமலே சொல்வாள். "உன்னை யாருடி கேட்டா?" என்று அண்ணி அதட்டுவாள்.

எல்லோரும் மாற்றி மாற்றி நோய் கேட்க, பாப்பா மட்டும் ஒரே பிடிவாதம். "அண்ணே, எனக்கு வயித்தையே குடு."

குடுத்தார். அவளும் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, "சாப்பிட்டதும் இந்த இடத்துல குத்துது டாக்டரம்மா. அப்படியே முதுகு வரைக்கும் போகுது. குனிஞ்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் தேவலை," என்று விலாவாரியாகச் சொல்வாள். பின்னால் நிற்கிற தையல்கார அம்மா, "அடேயப்பா, என்னமா நடிக்கிறா இவ! நமக்கு வயிறு எரியுதுங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை வரமாட்டேங்குது," என்று மூக்கில் விரலை வைப்பாள். டாக்டரம்மாவும் புன்னகையோடு வயிற்றெரிச்சல் மாத்திரையை எழுதிக்கொடுப்பார். மற்றவர்கள் அந்த மாத்திரையை வீட்டில் எங்கேயாவது போட்டுவிடுவார்கள். பாப்பா மட்டும் வேளை தவறாமல் முழுங்குவாள். போதாததற்கு, "உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க, எதுக்கு வீணாக்கணும்," என்று மற்றவர்களுடையதையும் வாங்கி வைத்துக்கொள்வாள். எதையும் வீணாக்காத பெண் என்று மில்காரருக்கு அதில் பெருமை வேறு!

சில மாதம் போனதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஒரு நாள் சல்லடையோடு உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னார்: "ஒரே வயித்து வலியை எத்தனை நாள்தான் சொல்லுவ பாப்பா? ஆபீஸ்ல கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தா, இது என்னடா தீராத வலின்னு சந்தேகப்பட மாட்டானா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு டாக்டரம்மாவுக்கு ஓலை வரும். இந்த மாசம் உனக்கு முழங்கால்."

"முழங்கால் வேண்டாம்ணே."

"ஏன், முழங்காலுக்கு என்ன குறைச்சல்? ஊரே முழங்காலை வெச்சுத்தான் பொழைக்குது."

மில்லில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, அண்ணன் சொன்னபடியே, முழங்கால் என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் நடிப்பு சுமார்தான் என்று தையல்கார அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு பாப்பா வயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"பாப்பா துரும்பா இளைச்சிட்டா, கவனிச்சீங்களா?" என்று மில்காரரின் மனைவி ஒரு நாள் கேட்டாள். "நாள் பூரா சலிச்சா இளைக்காம என்ன செய்யும்? இனிமே அவளை மில்லுக்கு அனுப்பாதே," என்றார். ஆனால் அவள் வந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்தபோது, தூங்கிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார். தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து அண்ணி ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். மாவு போனதும் கீழே தோல் மஞ்சளாக இருந்தது. இமையை விலக்கினால் கண்ணும் மஞ்சள்.

மறுநாள் வியாழக்கிழமை. பாப்பா முதல் தடவையாக வரிசையின் முன்னால் இருந்தாள், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் கை நின்றது. மறுபடி அதே இடத்தை அழுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளா இந்த வலி?"

"நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே டாக்டரம்மா," என்றாள் பாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. நேற்றைய சங்கதியை ஞாபகப்படுத்துகிறவள் மாதிரி சொன்னாள். "சாப்பிட்டதும் குத்துது, முதுகுக்குப் போகுதுன்னு."

டாக்டரம்மா மில்காரரைப் பார்த்தார். மில்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். யார் யாரைக் குற்றம் சொல்வது? டாக்டரம்மாவின் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் திரும்பி நின்று ஏதோ பெட்டியை ஒழுங்குபடுத்தினாள்.

வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரிய டாக்டர் மில்காரரை நடைபாதைக்குக் கூட்டிப்போய், "கணையத்துல கட்டி. ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா ஆபரேஷனாவது பண்ணிப் பார்த்திருக்கலாம். இனிமே வீட்டுல வெச்சு வலி இல்லாமப் பார்த்துக்கங்க," என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். மில்காரர் அந்த நடைபாதையிலேயே வேட்டியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும் வழியில் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். "என்கிட்ட ஏன் பாப்பா சொல்லலை?"

"சொன்னா நீ மில்லை மூடிட்டு என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுவே. எதுக்கு அதெல்லாம்னுதான் டாக்டரம்மாகிட்டயே நேரா சொன்னேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவங்க ஒவ்வொரு தடவையும் மாத்திரைதானே குடுத்தாங்க. பெரிசா ஒண்ணும் இல்லைபோல இருக்குன்னு நெனச்சேன். படிச்சவங்களுக்குத் தெரியாதா?"

பின்வரிசையில் நிற்பவர் சொல்வதை டாக்டரம்மா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார் என்பது பாப்பாவுக்கும் தெரியாததல்ல. தெரிந்தும், தன் பேச்சு உண்மை என்பதால் எப்படியாவது கேட்டுவிடும் என்று நம்பியிருந்தாள், பாவி மகள்.

வலிக்கு ஒரு மாத்திரை இருந்தது. கடையில் கிடைக்காது. டாக்டர் கையெழுத்துப் போட்டு, பூட்டின பெட்டியிலிருந்து வாரத்துக்கு வாரம் எண்ணித்தான் கொடுப்பார்கள். டாக்டரம்மா அதைத் தானே கொண்டு வருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். வண்டி நின்றதும் முதல் வேலையாக மில்லுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு வந்து பாப்பா பக்கத்தில் உட்காருவார். மாத்திரை உள்ளே போனால் பாப்பா தூங்குவாள், எழுந்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள், அண்ணியைக் கிண்டல்கூடச் செய்வாள். மாத்திரையின் வேகம் குறைந்தால் போதும், வளர்ந்த பெண் கட்டில் சட்டத்தைக் கடித்துக்கொண்டு புரளுவாள். மில்காரருக்கு உலகத்தில் இனி வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவள் போகிறவரைக்கும் அந்த வண்டி வரவேண்டும்.

வண்டி வரவேண்டுமானால் ஆள் வேண்டும். ஆனால் "எனக்கு என்ன கம்பவுண்டரே?" என்று யாராவது கேட்டால் அவர் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு, "இனிமே நான் யாருக்கும் நோய் குடுக்கப் போறதில்லை. உனக்கு நிஜமா என்ன? அதைச் சொல்லு," என்று பால்காரரிடம் கேட்டார்.

பால்காரர் கேனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது. ரொம்ப நாளா. பொம்பளை டாக்டர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? நீ முழங்கால் குடுத்த, சரி, அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தையல்கார அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மார்ல ஒரு கட்டி இருக்கு. வலிக்கலை. அதான் கெட்டது எதுவும் இல்லைன்னு சும்மா இருந்துட்டேன்."

மில்காரர் ஒவ்வொருவராகக் கேட்டார். மயங்கி விழுகிறவர், கண் ஒரு பக்கம் தெரியாதவர், இருமலில் எடை பாதியாகிப் போனவர். எல்லோருமே அவர் கொடுத்த நோயைச் சொல்லிவிட்டுத் தங்கள் நோயை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நடிக்க ஆள் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, ஊரில் முப்பது நோயாளி எப்போதும் இருந்திருக்கிறார்கள்!

அந்த வியாழக்கிழமை பின்வரிசை என்று ஒன்று இல்லை. எல்லோரும் முன்னால்தான். டாக்டரம்மா ஒவ்வொருவரையும் படுக்கவைத்து, தட்டி, கேட்டு, எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனார். பாதிப் பேரைப் பார்க்கும்போதே வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது. இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடித்தார். மீதிப் பேரை அடுத்த வாரம் பார்க்கலாம், பாப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று மில்காரர் ஆறுதலாக நின்றபோது டாக்டரம்மா அவரை ஓரமாக அழைத்தார்.

"அடுத்த வாரம் வண்டி வராதுங்க."

"ஏன்? இன்னைக்கு எவ்வளவு பேர்! எண்ணிக்கை ஒரு தடவைகூடக் குறையலையே?"

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. போன வாரமே உத்தரவு வந்துடுச்சு, எப்படியாவது மாத்திடலாம்னு முட்டிப் பார்த்தேன், முடியலை." டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மூணு வருஷமா உங்க ஊர்ல இருந்து என்ன போயிருக்கு? முன்னால நின்ன நாலு பேரை விட்டா வயித்தெரிச்சல், முழங்கால், தூக்கமில்லை. இந்த ஊர் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு, இங்க டாக்டர் தேவையில்லை, நோய் அதிகமா இருக்கிற ஊருக்கு வண்டியை அனுப்புங்கன்னு எழுதியிருக்காங்க."

மில்காரருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறு என்னவோ ஆகிவிட்டது. "இன்னைக்குப் பார்த்தீங்களே தாயே! ஒவ்வொருத்தரும் நிஜம். எழுதுங்க, இன்னைக்குப் பார்த்ததை அப்படியே எழுதி அனுப்புங்க."

"அனுப்பத்தான் போறேன். ஆனா வண்டியை நிறுத்துறோம்னு சொன்ன அடுத்த வாரமே ஊர் பூரா பெரிய நோய் வந்துடுச்சுன்னா யாருங்க நம்புவாங்க? நாம மூணு வருஷமா எதைச் செஞ்சோமோ, அதை இப்ப செய்யறோம்னு நெனப்பாங்க."

வண்டிக்குள் இருந்த பூட்டின பெட்டியைத் திறந்து, கொடுக்கலாம், கூடாது என்று பார்க்காமல், உள்ளே இருந்த மாத்திரையை எல்லாம் அவர் கையில் கொட்டினார் டாக்டரம்மா. "என்னை மன்னிச்சிடுங்க," என்றார். தையல்கார அம்மா வரிசையில் தன் இடத்தை விடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வண்டி திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

மாத்திரை தீர்வதற்குள் மில்காரர் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நோயாளியை நேரில் கொண்டுவந்தால்தான் தரமுடியும் என்றார்கள். அந்த பஸ்ஸில் பாப்பாவை ஏற்றினால் முதல் திருப்பத்தைத் தாண்டமாட்டாள் என்று எவ்வளவோ சொன்னார். சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். வெறும் கையோடு திரும்பினார்.

வீட்டில் அண்ணியும் அவரும் மாத்திரையை முழுதாகக் கொடுப்பதை விட்டுப் பாதியாக்கினார்கள், பாதியைக் காலாக்கினார்கள். பாப்பாவுக்கு நாள் கிழமை நினைவில்லை. விழிப்பு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு என்ன கிழமைண்ணே?"

என்ன சொல்வார்? "புதன்கிழமை பாப்பா."

"அப்ப நாளைக்கு வண்டி வந்துடும்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கொள்ளலாம்.

மறுநாளும் கேட்டாள். புதன்கிழமை என்றார். அண்ணியிடம் கேட்டாள், அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புதன்கிழமை என்றாள். பார்க்க வந்த பால்காரரிடம் கேட்டாள். அவர் மில்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புதன்தாம்மா," என்றார். கால் மாத்திரையும் தீர்ந்து போயிற்று. அவளுடைய அலறல் மில் வரைக்கும் கேட்டது, அதற்கு அப்பாலும் கேட்டது. யாரும் மாவு அரைக்க வரவில்லை.

அலறி ஓய்ந்த ஒரு காலையில் பாப்பா அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சுள்ளியாக இருந்தன.

"இன்னைக்கும் புதன்கிழமைதானேண்ணே?" என்று அவளே கேட்டாள்.

"ஆமாம் பாப்பா," என்றார்.